அரைநாள் ரைட்டரும் ஒரு தண்டவாளத் துண்டும்

ஏற்காடு மலையில், சாமியே நேரில் வந்து நின்றாலும் "ஏனுங்க, இப்பத்தான் வர்றீங்களா?" என்று கேட்டு அரைநாள் போடக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ரைட்டர். காப்பி எஸ்டேட்டில் காலையில் ஆட்களின் பேர் எழுதி, சாயங்காலம் பறித்த பழத்தை நிறுத்து வாங்குகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆயுசு முழுக்க அதைச் செய்து ஓய்வு பெற்றவர், ஓய்வு என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால், மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக நாங்கள் நடத்தும் மையத்துக்குச் சேவை செய்ய வந்து சேர்ந்தார். கையில் ஒரு நீள நோட்டு, கழுத்தில் விசில், தலையில் மங்கி குல்லா. சேவைக்கு வேறென்ன வேண்டும்?

நான் சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து மேலே போய், அந்தக் குழந்தைகளுக்குக் கீபோர்டு வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன். சம்பளம் கிடையாது, பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு முதல் வாரமே அடி விழுந்தது.

"பஸ்ஸு லேட்டுங்க. வளைவுல ஒரே பனி" என்றேன்.

"பஸ்ஸுக்கு நான் பேர் எழுதறதில்லீங்க. உங்களுக்குத்தானுங்க எழுதறேன்" என்று சொல்லி அரைநாள் போட்டார்.

பிசியோ மேடத்துக்கும் அரைநாள். பால்காரருக்கும் அரைநாள். ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "கரண்டு, அரைநாள்" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

குழந்தைகளின் விரல் பயிற்சிக்காகப் பிசியோ மேடம் கலர் கலராக ரப்பர் களிமண் வரவழைத்திருந்தார். ரைட்டர் அதை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மறுநாள் ஒரு முறம் காப்பிக்கொட்டையைக் கொண்டுவந்து கொட்டினார். "கண்ணு, ஒடஞ்சதெல்லாம் இந்தப் பக்கம், நல்லதெல்லாம் அந்தப் பக்கம் போடோணும்." மேடம் மூன்று நாள் சண்டை போட்டார். நான்காம் நாள், களிமண்ணைத் தொடாத விரல்களெல்லாம் கொட்டை பொறுக்குவதைப் பார்த்தார். ஐந்தாம் நாள் அதைத் தன் புது முறை என்று ஃபைலில் எழுதிக்கொண்டார்.

பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் தனி ரகம். கேக்கை வெட்டி, வெளிச்சம் பத்தவில்லை என்று சக்கர நாற்காலியைக் குழந்தையோடு நகர்த்தி வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, காலிஃப்ளவர் பஜ்ஜி சாப்பிட ஏரிப்பக்கம் இறங்கிவிடுவார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தை ரைட்டர் விசிலடித்து நிறுத்தினார். எல்லோர் பேரையும் எழுதினார். பட்டுப்புடவையோடு தரையில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கொட்டை பொறுக்கவிட்டார். போகும்போது மறக்க முடியாத அனுபவம் என்றார்கள். அப்புறம் அவர்கள் வரவேயில்லை.

இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். என் பாட்டு வகுப்பில் மூக்கை நுழைத்ததைத்தான் சகிக்க முடியவில்லை. சுருதி என்றால் என்ன விலை என்று கேட்கிற மனிதர் அவர். நான் வாசித்தால் பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று கூடை எண்ணுவார். போதாததற்கு, எஸ்டேட்டில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு ஒன்றைத் தூக்கிவந்து வராண்டாவில் மாட்டி, இதுவும் வாத்தியம்தான் என்றார். குழந்தைகள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பாட்டின் முடிவில் அதைச் சுத்தியலால் ஒருமுறை அடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் மஞ்சக்குட்டை கிராமத்துத் தர்ஷினி.

தர்ஷினிக்குப் பத்து வயது. அவள் நினைப்பது கைக்குப் போய்ச் சேர நேரமாகும். எவ்வளவு நேரம் என்பது அவளுக்கே தெரியாது.

ஒத்திகை பார்க்க வந்த அவள் அம்மா, ரைட்டரிடம் வேலை பார்த்தவர். "இவளை இடுப்புல வெச்சுக்கிட்டேதான் பழம் பறிப்பேனுங்க. எப்பவும் நாந்தான் கடைசிக் கூடை. மேனேஜரு சத்தம் போடுவாரு. ரைட்டரும் என்னை நொம்பத் திட்டுவாருங்க. ஆனா என் கூடை வராம ஒருநாளும் தராசை எறக்குனதில்லீங்க" என்றார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஆண்டுவிழா வந்தது. சிறப்பு விருந்தினருக்கு அவசரம், அவர் வந்ததே தாமதம். எனக்குள் இருந்த கோழை ஒரு யோசனை சொன்னான். "கண்ணு, நீ சுத்தியலைப் பிடிச்சுட்டு நில்லு போதும். மணிச் சத்தத்தை நான் கீபோர்டுலயே போட்டுடறேன்" என்றேன். தர்ஷினி சுத்தியலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால், என் கீபோர்டின் பிளக்கைக் கையில் பிடித்தபடி ரைட்டர் நிற்கிறார்.

விருந்தினர் கைதட்டிக்கொண்டே எழுந்தார். கூட்டமும் எழுந்தது. ரைட்டரின் விசில் பறந்தது.

"அல்லாரும் உக்காருங்க! கடைசிக் கூடை இன்னும் வரலீங்க!"

உட்கார்ந்தார்கள். தர்ஷினியின் கை மெல்ல எழுந்து பாதியில் நின்றது. தோள் ஒருபக்கம் இழுத்தது. பிசியோ மேடம் முழங்கையைத் தாங்கப் போனார்.

"தொடாதீங்க மேடம்" என்றார் ரைட்டர்.

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரைட்டர் விருந்தினரைப் பார்த்தார். விருந்தினர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார். கடைசி வரிசையில் தர்ஷினியின் அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றார்.

டங்!

நான் வாசித்த எந்த ராகத்துக்கும் அந்தக் குழந்தைகள் அப்படிக் கத்தியதில்லை.

"ஏன் கண்ணு, இத்தனை நேரமா?" என்று ரைட்டர் கடுகடுத்தார். தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். நோட்டில் அவளுக்கு முழுநாள் விழுந்தது, விருந்தினருக்கு அரைநாள்.

"எனக்குங்க?" என்று எட்டிப் பார்த்தேன். என் பேருக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை.

"பாதி வேலையில தராசை எறக்கப் பாத்தீங்களே, வாத்தியாரே. உங்களுக்கு அரைநாள்கூடக் கிடையாதுங்க."

அவர் போட்டது சரிதான். அதற்கப்புறம் நான் சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறேன். இன்றுவரை முழுநாள் கிடைக்கவில்லை. ஆனால் பனிக்குள்ளிருந்து ரைட்டரின் கட்டைக்குரல் என் பேரைச் சொல்லிக் கத்தும்போது, வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது எனக்கு.