நெல்லறுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்

நொம் பென் நகரத் தையல் ஆலையில் பணிபுரியும் என் அன்புத் தங்கை நாரினுக்கு, கொம்பொங் தோமிலிருந்து அண்ணன் மோன் எழுதிக்கொள்வது. உன் உடம்பும், உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண்களின் உடம்பும் சுகமாக இருக்க புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளை வேண்டுகிறேன். இங்கு நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் இடது கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் வாத்துக் குட்டையில் போய்விட்டது. தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருக்கும் உன் அண்ணி யீம் அங்கிருந்து பேசிக்கொண்டிருந்தபோது, நம் சின்னவள் பொவ், அம்மா குரலை வாத்துகளும் கேட்கட்டும் என்று குட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். யீம் கடைசியாகச் சொன்னது, "கேக்குதா?" அவ்வளவுதான், முழுகிவிட்டது. கால் முறிந்த கதையும் சொல்கிறேன், சிரிக்காதே. வாய்க்கால் கரையில் கைடிராக்டர் ஓட்டிப்போகையில் எதிரே நம் விகாரைப் பெரிய பிக்கு வந்தார். மரியாதைக்கு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். டிராக்டருக்கு அந்தப் பக்தி கிடையாது. அது தன்பாட்டுக்கு வாய்க்காலில் இறங்கிவிட்டது, நான் அதற்கு அடியில். பாவம், பிக்குவே காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி என்னை இழுத்துப்போட்டார். "இனி ஒத்தக் கையால கும்பிட்டாப் போதும்"னு வேற சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுச் சுமை முழுவதும் என் மூத்தவள், உன் மருமகள் கொலாப் தலையில் விழுந்துவிட்டது. நம்ம தாழ்ந்த வயலுக்குள்ள அறுப்பு எந்திரம் இறங்காது, கையாலதான் அறுக்கணும்னு உனக்குத் தெரியும். விடியும்முன் வயலுக்குப் போறா, வந்து வாத்தைத் திறந்துவிடறா, பொவ்வுக்குத் தலை சீவறா, என்னைத் தூக்கி உக்கார வைக்கிறா, அப்புறம் சைக்கிளை மிதிச்சு பள்ளிக்கூடம் போறா. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை இந்த அறுப்புலயேதான் வரணுமா? படிக்க நேரமில்லைன்னு வீட்டுத் தூணுங்களில் எல்லாம் பாடத்தைக் கரியால எழுதி வச்சிருக்கா, சோறு பொங்கறப்ப ஒரு தூணு, தவிடு பிசையறப்ப ஒரு தூணு. பக்கத்து வீட்டு யோர்ன் அக்கா அதைப் பார்த்துட்டு, என் காலுக்காக யாரோ மந்திரம் எழுதியிருக்காங்கன்னு ஊதுபத்தி கொளுத்தி, வாழைப்பழம் வச்சு, விழுந்து கும்பிட்டுட்டுப் போனாங்க. மறுநாள் இன்னும் ரெண்டு பேர். எனக்கும் வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் கொலாப் வந்து பார்த்துட்டு, "அப்பா, அது கந்தக அமிலம்"னா.

சிரித்தோம். ஆனால் நாரின், பிள்ளை இளைத்துவிட்டாள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பிரசவம் பார்க்கும் படிப்புக்குத்தான் போவேன் என்கிறாள். பொவ் பிறந்தபோது யீம் பட்ட பாட்டைக் கதவோரம் நின்று பார்த்தவள், அன்றிலிருந்து அதே பேச்சு. பரீட்சை பாஸானாலும் அந்தப் படிப்பு இன்னும் எத்தனை வருஷமோ! முந்தாநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேன்.

"கொலாப், படிப்பை நிறுத்திடலாம்மா."

அடுப்பு ஊதிக்கிட்டிருந்தா, திரும்பலை. "யாரோட படிப்பைப்பா?"

"உன்னோடதுதான். நான் எப்பவோ நிறுத்தியாச்சு."

"சரிப்பா, நிறுத்திடறேன். பரீட்சை எழுதிட்டு நிறுத்திடறேன்."

"எழுதினா பாஸாயிடுவே. பாஸானா எப்படிடி நிறுத்தறது?"

"அது உங்க கவலை"ன்னுட்டு, மீன் முள்ளை எடுத்து எடுத்து பொவ்வுக்கு ஊட்ட ஆரம்பிச்சுட்டா. சண்டை போட்டிருந்தா எனக்குத் தேவலாம். நான் சத்தம் போட்டு ஜெயிச்சிருப்பேன்.

எனவே, உன் ஆலை மேற்பார்வை அம்மாளிடம் சொல்லி, கொலாப்புக்கு ஓர் இடம் பார்த்து வை. தைக்கத் தெரியாது, சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். உன் பக்கத்தில் இருந்தால் எனக்கும் நிம்மதி. குடும்பத் தலைவன் நன்கு யோசித்து எடுத்த முடிவு இது. மாற்றமில்லை.

நீ நோயின்றி, மேலதிகாரி திட்டின்றி, நீண்ட ஆயுளோடு வாழ ஆசிகள். உன் அறைத் தோழிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அண்ணன் மோன்

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோகும் வேன்காரன் ஹெங் நேற்று வரவில்லை, வண்டி ரிப்பேராம். அதனால் கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று காலை வீட்டடியில், தூணுக்குத் தூண் கட்டின தூளியில படுத்திருந்தேன். கொலாப் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்து, தொட்டித் தண்ணியில காலைக் கழுவி, மேலே போட்டிருந்த என் பழைய முழுக்கைச் சட்டையைக் கழட்டினா. உள்ளே பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. முதுகெல்லாம் வேர்வை, ஆனா ஒரு பொட்டு சேறில்லை. உடுப்பு மாத்தற நேரம்கூட மிச்சமாகட்டும்னு அதைப் போட்டுக்கிட்டே அறுக்கப் போறா.

"தினமுமாடி?"ன்னேன்.

"அறுப்பு ஆரம்பிச்சதிலேருந்துப்பா. சோறு மூடி வச்சிருக்கேன், ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க"ன்னு சைக்கிள்ல ஏறிட்டா. அந்தச் சோறு ஆறியே போச்சு. அவ திரும்பி வந்ததும், "பரீட்சையை எழுது, பாஸாகு, மேலே படி, நான் பார்த்துக்கறேன்"னேன். எதைப் பார்த்துக்கப் போறேன்னு அவ கேக்கலை. படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டா.

ஆகவே மேற்பார்வை அம்மாளிடம் வேலை கேட்காதே, லீவு கேள். பரீட்சைக்கு அவள் டவுனில் தங்கவேண்டும். அவ திரும்பறவரை மிச்ச வயலை நீ அறுக்கணும், என்னைவிட வேகமா அறுப்பே, இதை நான் இதுவரை வாயால சொன்னதில்லை. மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் இதை மட்டும் படி. வரும்போது பலகாரம் எதுவும் வேண்டாம், கொலாப்புக்கு ஒரு நல்ல பேனா வாங்கி வா. இங்கே கடையில் விற்கிறது பாதிப் பரீட்சையில் நின்னுடுமாம்.