மூணுதரம் அண்ணாச்சியின் தீப்பெட்டிகள்

“ஏளா, காலேஜு முடிச்சிட்டேங்கிற. ஒரு நெத்திலியாவது வித்திருக்கியா?”

மூணுதரம் அண்ணாச்சி என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பி.காம் சான்றிதழை அப்பா லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில், சாமியைவிட ஒரு விரற்கடை உயரத்தில் மாட்டியிருந்தார். அப்படிப்பட்ட என்னிடம்தான் நெத்திலியைப் பற்றி விசாரித்தார். விற்றதில்லை என்றேன்.

“அப்பம் கஷ்டந்தான்” என்று முடிவு சொல்லிவிட்டு, “தீப்பெட்டி இருக்கா?” என்றார்.

தூத்துக்குடியில் அவரிடம் தீப்பெட்டியைப் பறிகொடுக்காத ஆண்மகன் கிடையாது. வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். விடியும் முன்பே தொடங்கி, குவியல் குவியலாக “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று கத்திக் கத்தி, அந்த வழக்கம் அவருடைய ரத்தத்தில் கலந்துவிட்டது. வீட்டில் தேநீர் வேண்டுமென்றால் “மெர்சி, டீ ஒரு தரம்!” என்று ஆரம்பிப்பார். அவர் மனைவி மெர்சி அக்கா முதல் இரண்டு தரத்துக்கும் காது கொடுக்க மாட்டார். மூன்றாவது தரத்துக்கு டம்ளர் வந்துவிடும். “ரெண்டாந்தரத்துக்கே கொண்டு போனா வெல கொறஞ்சிரும்” என்பது அக்காவின் கட்சி.

அண்ணாச்சியால் இரண்டோடு நிறுத்த முடியாது. மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது வழக்கம். ஒருமுறை, வளைகுடாவுக்கு அவசரமாகத் திரும்ப வேண்டிய மாப்பிள்ளைக்காக இரண்டு தரம் வாசித்தால் போதும் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு ஓலையை மடித்துவிட்டுச் சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார். பின் வரிசையிலிருந்து அண்ணாச்சி எழுந்து, “மூணு தரம்!” என்றார். சாமியார் ஒரு நொடி நிறுத்தி, நன்றி சொல்லி, மேலே வாசித்தார். அந்தத் தம்பதி இன்றும் நன்றாக இருக்கிறார்கள். அதற்குக் காரணம் தான்தான் என்று அண்ணாச்சி நம்புகிறார்.

இனி தீப்பெட்டி. ஏலம் முடிந்ததும் துறைமுக வாசலிலுள்ள டீக்கடைக்குப் போவார். கப்பலிலிருந்து இறங்கி ஊர் பார்க்க வரும் மாலுமிகள் அங்கேதான் நிற்பார்கள். அண்ணாச்சி வாயில் பீடியை வைத்து, விரலால் உரசிக் காட்டுவார். அவர்கள் பெட்டியை நீட்டுவார்கள். பற்ற வைப்பார், சிரிப்பார், பெட்டியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பாஷை தெரியாத ஊரில் ஒரு தீப்பெட்டிக்காக எவனும் வழக்குப் பேச மாட்டான். ஒரே ஒரு கிரேக்கன் மட்டும் துரத்தி வந்து பிடுங்கிப் போயிருக்கிறான். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணாச்சிக்கு இன்றும் முகம் கறுத்துவிடும். “கஞ்சப்பய.”

டாக்டர் சொல்லி பீடியை விட்டு வருஷக்கணக்கு ஆகிறது. தீப்பெட்டி கேட்பதை விடச் சொல்லி டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

இப்படிச் சேர்ந்த பெட்டிகள் அவர் வீட்டில் ஓர் அறை முழுக்க இருந்தன. போலந்து, பனாமா, எந்த ஊர் என்றே தெரியாத ஊர். ஆப்பிரிக்கப் பெட்டி என்று பெருமையாக எடுத்துக் காட்டிய ஒன்றின் அடியில், கோவில்பட்டியில் செய்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. இங்கிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கே ஒரு மாலுமியின் பையில் ஏறி, மறுபடி இங்கேயே வந்திருக்கிறது. “சொந்த ஊரு ஞாபகம் வந்திருக்கும்” என்றார்.

அந்த வருஷம் அவர் மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு மாதா திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. “கொடியேத்தத்துக்குள்ள ரூம் காலியாவணும். இல்லேன்னா பழைய பேப்பர்காரன் வருவான்” என்று மெர்சி அக்கா சொல்லிவிட்டார். அதை ஒரே தரம்தான் சொன்னார். அதனால்தான் அண்ணாச்சி பயந்துபோய் என்னிடம் வந்தார்.

எனக்கும் அதே கெடுதான். பழைய சாமான்களை இணைய ஏலத்தில் விற்றுக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். துறைமுகத்தில் லோடுமேனாக இருக்கும் அப்பாவுக்கு அது தொழிலாகவே தோன்றவில்லை. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். “கொடியேத்தம் வரைக்கும் பாரு. அப்புறம் நான் சொல்லுதத கேளு” என்றார். ஆக, விற்காவிட்டால் தீப்பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்கு, நான் ஜவுளிக்கடைக்கு.

முதல் சண்டை குச்சிகளைப் பற்றி வந்தது. தபாலில் தீக்குச்சி அனுப்பக் கூடாது, வெறும் பெட்டிதான் போகும் என்றேன். “உசுர எடுத்துட்டு உடம்ப விக்கச் சொல்லுத” என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து காலி செய்தார். பல தேசத்துக் குச்சிகளும் ஓர் ஊறுகாய் ஜாடிக்குள் ஒன்றாகக் குடியேறின. மெர்சி அக்கா நம் ஊர்ப் பெட்டியில் உரசி, போலந்துக் குச்சியால் புளிக்குழம்பு வைத்தார்.

இரண்டாவது சண்டை பெரியது. ஏலத் தளத்தில் கொஞ்சம் பணம் கட்டினால் நம் பொருளை முதல் பக்கத்தில், மஞ்சள் கட்டம் போட்டு வைப்பார்கள்.

“இது என்னளா மஞ்சக் கட்டம்?”

“பிரீமியம் அண்ணாச்சி. துட்டு கட்டுனா எல்லாரு கண்ணுலயும் படும்.”

“கட்டு.”

“வேண்டாம். இதையெல்லாம் சேக்கிறவங்க கம்பெனி பேரு, கப்பல் பேரு போட்டுத் தேடுவாங்க. எந்த மூலையில கெடந்தாலும் கண்டுபிடிச்சிருவாங்க.”

“வாசப் பக்கம் கெடக்க சாளை மீனும், தூணுக்குப் பின்னால கெடக்க சாளையும் ஒரே வெலைக்கா போவுது? பொறந்ததுலேருந்து பாத்துட்டு வாரேன்.”

“சாளை அழுகும் அண்ணாச்சி. அதனால மொதல்ல கண்ணுல படணும். பெட்டி அழுகாது.”

“ஈரத்துல வச்சா நமத்துப் போவும்” என்றார்.

பரிசோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். ஒரே கப்பல் கம்பெனியின் படம் போட்ட பெட்டி இரண்டு இருந்தது. ஒரே மாலுமியிடம் இரண்டு நாள் தொடர்ந்து வாங்கியது. ஒன்றை மஞ்சள் கட்டத்தோடு போட்டேன். அது முடிந்த மறுவாரம் மற்றதைச் சும்மா போட்டேன்.

மஞ்சள் கட்டத்துக்குக் கூட்டம் அலைமோதியது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், மளிகைக் கடைக்குப் பண்டல் என்ன ரேட் என்று கேட்டார். இன்னொருவர் லைட்டர் இருக்கிறதா என்றார். ஒருவர் வெறுமனே ‘ஹாய்’ என்று எழுதியிருந்தார்.

“ஆய்னு சொல்லுதாம்லா. வாங்குவான்.”

“வாங்க மாட்டான் அண்ணாச்சி.”

“நீ பதில் போடு. வாடிக்கையாளன் மனசு நோகப்படாது.”

ஹாய் போட்டேன். அவர் வாங்கவில்லை. கடைசியில் விலை கேட்டது இரண்டே பேர். பெல்ஜியத்தில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர். மறுவாரம் மஞ்சள் கட்டம் இல்லாமல் போட்ட பெட்டிக்கும் அதே இரண்டு பேர் வந்து, ஏறக்குறைய அதே விலைக்கு மல்லுக்கட்டினார்கள். கட்டத்துக்குக் கட்டிய பணம்தான் தண்டம்.

“ஏலக்கூடத்துலயும் வேடிக்க பாக்கக் கூட்டம் வரும். பூனகூட வரும்” என்று ஒப்புக்கொண்டார். அதிலிருந்து, பெட்டியின் பெயரையும் ஊரையும் தேடிப் பிடித்துச் சரியாக எழுதுவது என் வேலை. அந்த இருவருக்கும் பட்டப்பெயர் வைப்பது அவர் வேலை. எப்போதும் ஏலம் முடியும் தறுவாயில் வரும் பெல்ஜியக்காரருக்குக் கருவாடு என்று பெயர். எதற்கும் அசையாமல் விலை ஏற்றும் அமெரிக்கருக்கு ஐஸ்பெட்டி.

ஏலம் முடியும் நேரத்தில் மட்டும் அவர் விட்டுக் கொடுக்கவே இல்லை. “காலைல அஞ்சு மணி” என்றார்.

“அந்நேரத்துல யாரு அண்ணாச்சி முழிச்சிருப்பா?”

“மீன் வாங்க வாரவன் முழிச்சிருப்பான்.”

“இவங்க மீன் வாங்குறவங்க இல்ல.”

“ஏலத்துக்கு வந்துட்டாம்னா அவன் மீன்காரந்தான்.”

ஆகவே தினமும் ஐந்து மணிக்கு அவர் இடது கையில் கைப்பேசியும் எதிரே மீன் குவியலுமாக நின்றார். ஒரு நாள் இரண்டும் கலந்துவிட்டன. பாறை மீன் குவியலை டாலரில் ஏலம் விட்டுவிட்டார். “ஏற்றுமதி ரேட்டா அண்ணாச்சி?” என்று கேரளாவிலிருந்து வந்த வியாபாரி பணிவாகக் கேட்டாராம்.

படித்தவள் என்ற முறையில் நான் சில பெட்டிகளை மாலை ஏழு மணிக்கு முடியும்படி போட்டுப் பார்த்தேன். விலை படுத்துவிட்டது. கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. இங்கே விடிகாலை ஐந்து என்றால் ஐஸ்பெட்டியின் ஊரில் சாயங்காலம். வேலை முடித்து, கைப்பேசியோடு சாய்ந்து உட்காரும் நேரம். கருவாடு பாவம், நடுநிசி தாண்டியும் கண் விழித்திருக்கிறார்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா.”

“நீங்க அமெரிக்காவ நெனச்சுச் சொல்லல அண்ணாச்சி. மீன நெனச்சுச் சொன்னீங்க.”

“வெல வந்துச்சா இல்லியா?”

வந்தது. அறை மெல்லக் காலியானது. கொடியேற்றம் நெருங்கியபோது ஒரு மூட்டை மட்டும் மிஞ்சியது. எல்லாம் பெயர் தெரியாத பெட்டிகள். மேலாக ஒன்றில் பச்சைக் கிளி ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த எழுத்து எந்தப் பாஷை என்று என் படிப்புக்கும் எட்டவில்லை. ‘கிளிப் படம் போட்ட பழைய தீப்பெட்டி’ என்று போட்டேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கருவாடுகூட வரவில்லை. பெயர் போட்டுத் தேடுகிற உலகத்தில் பெயர் இல்லாததை எவன் தேடுவான்? மெர்சி அக்கா சொல்லியனுப்பிய பேப்பர்காரர் தராசோடு வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்.

என் கைக்காசைப் போட்டுக் கிளிக்கு மஞ்சள் கட்டம் வாங்கினேன்.

மறுபடி ஹாய் வந்தது. லைட்டர் வந்தது. அவற்றின் நடுவே, எங்கோ குளிர்தேசத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார். அவர் தீப்பெட்டி சேர்க்கிறவர் இல்லை. பழைய நாற்காலி தேடி வந்தவர், போகிற போக்கில் கிளியைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெட்டி செய்த சின்னத் தொழிற்சாலையில்தான் அவர் அப்பா வேலை பார்த்தாராம். வாத்தியார் விலை கேட்டதும், ஏதோ விஷயம் இருக்கிறது என்று கருவாடு பாய்ந்தார். கருவாட்டைப் பார்த்து ஐஸ்பெட்டி பாய்ந்தார். கடைசியில் வாத்தியார்தான் ஜெயித்தார். “ஒரு முழு விளமீன் வெல!” என்று அண்ணாச்சி ஏலக்கூடத்தில் கைப்பேசியை உயர்த்திக் காட்டினாராம். மிச்சப் பெட்டிகளின் படங்களையும் பார்த்து, தெரிந்த பெயர்களை எல்லாம் வாத்தியாரே எழுதி அனுப்பினார். பெயர் தெரிந்ததும் அவையும் போய்விட்டன, மஞ்சள் கட்டம் இல்லாமலேயே.

பேப்பர்காரருக்குப் பழைய செய்தித்தாள் மட்டும் கிடைத்தது. துபாயிலிருந்து மகன் வந்து இறங்கினார். “தீப்பெட்டி கொண்டாந்தியாலே?” என்று அண்ணாச்சி விசாரித்தார்.

அப்பாவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. “அண்ணாச்சி சாமான வித்துட்ட, சரி. நாளைக்கு யாரு சாமான விப்ப தாயி? ஒன்ன யாருக்குத் தெரியும்?”

எனக்குக் கிளிப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடியுமுன் அப்பா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு துறைமுகம் போனேன். ஏலக்கூடத்தில் வியாபாரிகள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு சாளைக் குவியல் முடிந்து அடுத்த குவியலுக்கு நகரும் இடைவெளியில், வாசல் பக்கம், விளக்குக்கு நேர் கீழே நின்று அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க! நம்ம லோடுமேன் மக, பி.காம் படிச்ச புள்ள. பழைய காசு, கடிகாரம், கப்பல் சாமான் எது வீட்ல கெடந்தாலும் ஒலகத்துக்கே வித்துக் குடுக்கும். அமெரிக்காக்காரன் முழிச்சிருக்க நேரம் அதுக்குத் தெரியும். ஒரு தரம்! ரெண்டு தரம்!”

கையை இறக்கினார். அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

வெளியே லாரிப் பக்கமிருந்து வந்த அப்பா, தூக்கை வாங்கக் கை நீட்டியபடியே நின்றுவிட்டார். கேரளா வியாபாரி, தன் மாமனார் வீட்டில் ஒரு பித்தளைத் திசைகாட்டி இருப்பதாக என்னிடம் வந்து சொன்னார். கொஞ்ச நாளாக அண்ணாச்சி தினமும் இதே மாதிரிதான் அறிவிக்கிறார் என்றும் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“ஏன் அண்ணாச்சி, மூணாந்தரம் சொல்லல?”

“மூணாந்தரம் சொன்னா முடிஞ்சிரும்லா” என்றார். “தீப்பெட்டி இருக்கா?”

அன்று என்னிடம் இல்லை.

ஜவுளிக்கடைக்கு அப்பாவே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெருமுனையில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறைக்கு நேற்று முன்பணம் கொடுத்திருக்கிறேன். வாசல் பக்கம் நின்று என்னைக் கூவத்தான் அண்ணாச்சி இருக்கிறாரே. மேசை இனிமேல்தான் வர வேண்டும். ஜன்னல் விளிம்பில் ஒரு புதுத் தீப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு அது எதற்கும் தேவையில்லை.