அபகாஷி விருந்து

சச்சிதானந்தனின் பெயரில் இருந்த ஆனந்தம் பங்குனி மாதத்தோடு கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சியது வெறும் சச்சி. அந்தச் சச்சி ஒரு திங்கட்கிழமை, தட்டில் கிடந்த பாகற்காய்க் கறியை முறைத்துப் பார்த்தபடி ஒரு சபதம் எடுத்தார். வருகிற சனிக்கிழமை இறைச்சி சாப்பிடுவது. களவாக இல்லை. மனைவி கஜலக்சுமிக்கு முன்னால் இருந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, மேளதாளத்தோடு சாப்பிடுவது.

மனுசன் சும்மா ஒன்றும் இந்த நிலைமைக்கு வரவில்லை. வினை டொக்டரிடம் தொடங்கியது. இரத்தம் குத்தி எடுத்த டொக்டர், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில் டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பேசி அனுப்பினார். சச்சிதானந்தன் வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் சொன்னார். அங்கேதான் பிசகியது.

“எனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சாம்.”

“அதைச் சொல்லுறதுக்கு அவர் இரத்தம் வேற எடுத்தவரோ? கலியாணம் கட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும்.”

“இது மற்றக் கொழுப்பு.”

“ஓ! அப்ப ரெண்டும் இருக்கோ?”

அடுத்த வெள்ளிக்கிழமையே கஜலக்சுமி கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டாள். “அப்பனே, இவற்ர கொழுப்பு இறங்குமட்டும் இவருக்கு மச்சம் இல்லை.” யாழ்ப்பாணத்து வாயில் மச்சம் என்றால் மீன் மட்டும் இல்லை. ஆடு, கோழி, நண்டு, கணவாய், கடைசியில் அப்பாவி முட்டைகூட அதற்குள் அடக்கம். பக்கத்தில் கைகூப்பி நின்ற சச்சிதானந்தன் வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் ஐயர் மணியை அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் மரக்கறி ஆட்சி. ஆட்டிறைச்சி குடியிருந்த பிரீசருக்குள் முருங்கைக்காய் வந்து கால்நீட்டிப் படுத்துக்கொண்டது. சச்சிதானந்தனுக்கு வேலை பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாவணத்தால் நொடிமுள் பிடித்துப் பூட்டுகிற வேலை. அந்தப் பூதக்கண்ணாடிக்குள் பல்சக்கரமெல்லாம் அவருக்கு வட்டம் வட்டமாக வெட்டிய சொசேஜ் மாதிரித் தெரியத் தொடங்கியது. ஒரே ஒரு ஆறுதல், கஜலக்சுமியும் பின்னேரத்தில் அதே பாகற்காயைத்தான் சாப்பிட்டாள். ‘பாவம், எனக்காக அவளும் வாயைக் கட்டுறாளே’ என்று நினைக்க அவருக்குக் கண் கலங்கும். அடுத்த வாய் பாகற்காய் போனதும் அந்தக் கண்ணீர் காய்ந்துவிடும்.

இந்தக் கொடுமை காணாதென்று, தெருமுனையில் ஒரு பிரேசில் ரெஸ்ரோரன்ட் திறந்தான்கள். ஆளுயரக் கம்பியில் இறைச்சியைக் குத்தி நெருப்பில் வாட்டுவதும், அதன் வாசத்தைச் சச்சிதானந்தனின் குசினி யன்னலுக்கு அனுப்பிவைப்பதும்தான் அவன்களுக்கு முழுநேர வேலை. சனிக்கிழமைகளில் பாட்டும் மேளமும் வேறு. அந்த மேளம் கேட்டால் கஜலக்சுமியின் விரல்கள் கழுவுகிற சட்டியில் தானாகத் தாளம் போடும்.

“ஒருநாளைக்குப் போயிருந்து கேப்பமே?” என்று அவள் கேட்காத சனிக்கிழமை இல்லை.

“அங்க முழுக்க மச்சம். பிள்ளையார் என்ன நினைப்பார்?” என்று சொல்லி யன்னலைப் பூட்டுவார் இவர். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற தைரியம் தனக்கு இல்லை என்பதைப் பிள்ளையாரின் தலையில் போட்டுவிடுவார்.

சபதம் எடுத்த மறுநாள், வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கிய கால்கள் நேரே அந்தக் கடைக்குள் போய் நின்றன. மேசைகளில் ஆளுக்கொரு சின்ன அட்டை வட்டம் கிடந்தது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. மார்க்கோஸ் என்கிற வெயிட்டர் பொடியன் டொய்ச்சில் விளக்கினான். பச்சைப் பக்கம் மேலே இருந்தால், நாங்கள் கம்பி கம்பியாக இறைச்சி கொண்டுவந்து வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்போம். சிவப்பைத் திருப்பினால் நிற்பாட்டுவோம்.

பச்சை! சச்சிதானந்தனின் மண்டைக்குள் கோயில் மணி அடித்தது.

ஏனென்றால் கஜலக்சுமி தமிழ்க்கடைக்குப் போனால், இந்தியப் பக்கற்றுகளைப் புரட்டிப் புரட்டி ஒரு பொட்டைத் தேடுவாள். பச்சைப் பொட்டு இருந்தால் சைவம், கூடைக்குள் போகும். சிவப்புப் பொட்டு இருந்தால் மச்சம், தட்டுக்கே திரும்பிப் போகும். பச்சை சைவம், சிவப்பு மச்சம். இதுதான் அவளுடைய வேதம். அதே வேதத்தை வைத்தே அவளைக் கவிழ்த்துவிடலாம். ‘பாரும், பச்சை வைச்சிருக்கிறன், சைவம்தான் கேட்டனான்’ என்று அப்பாவியாக இருப்பது. இறைச்சி தட்டில் விழுந்ததும் ‘ஐயோ, மடையன்கள் மாறிக் கொண்டு வந்திட்டாங்கள், சாப்பாட்டை எறிஞ்சால் பாவமெல்லோ’ என்று கவலையோடு சாப்பிடுவது. எவ்வளவு கவலைப்பட முடியுமோ அவ்வளவு!

அவர் மார்க்கோஸின் தோளில் கைபோட்டார். “தம்பி, சனிக்கிழமை மனிசியோட வாறன். நான் வாயால என்ன சொன்னாலும் காதில போடாதை. வேண்டாம் எண்டு கத்தினாலும் கேளாதை. பச்சை வட்டத்தை மட்டும் பார். பச்சை இருக்குமட்டும் கொண்டு வந்து போடு.” இதை நல்ல உரத்த டொய்ச்சில் சொன்னார். மார்க்கோஸ் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். மேடையில் ஒரு பாட்டுக்காரி மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெற்றிக் களிப்பில் சச்சிதானந்தன் அவளுக்கும் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் இவரை உற்றுப் பார்த்து, வாய்நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் தன் அழகின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்கடுத்த நாள் பின்னேரம் மெல்லக் கதையைத் தொடக்கினார்.

“சனிக்கிழமை எங்கட கலியாண நாளெல்லோ. அந்தப் பிரேசில் கடைக்குப் போய்ப் பாட்டுக் கேப்பம்.”

கஜலக்சுமி அகப்பையை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பிள்ளையார் என்ன நினைப்பார்?”

“அங்க சைவமும் இருக்காம். பச்சை வட்டம் வைச்சால் சைவம், சிவப்பு வைச்சால் மச்சம். எங்கட பக்கற்றுப் பொட்டு மாதிரியேதான்.”

“அப்பிடியோ? நல்ல வசதி.”

“சும்மாவோ? போர்த்துக்கீசு எண்டால் பாதி எங்கட பாசைதான். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, துவாய், பாண், எல்லாம் அவங்கள் விட்டிட்டுப் போனது. அன்னாசி கூட அவங்கட சொல்லுத்தான். அனனாஸ்.”

“பிரேசில்காரரும் அன்னாசியை அப்பிடித்தான் சொல்லுவினமோ?”

“பாசை ஒண்டெண்டால் சொல்லும் ஒண்டுதான். அங்க போனால் ஒருத்தரும் எனக்குச் சுத்தேலாது.”

“ஓம், ஓம். உங்களுக்கு ஆர் சுத்துறது” என்றபடி கஜலக்சுமி ரெலிபோனை எடுத்தாள், மேசை பதிவதற்கு.

பீல் நகரத்தில் பாதிப்பேர் டொய்ச், பாதிப்பேர் பிரெஞ்சு. சச்சிதானந்தன் குடும்பமும் அப்படித்தான். அவருக்குத் தொழிற்சாலை டொய்ச். கஜலக்சுமி முதியோர் இல்லத்து லாண்ட்ரியில் பிரெஞ்சுக்காரிகளோடு நின்று துணி மடிப்பவள். அவள் பிரெஞ்சு கதைக்கத் தொடங்கினால் இவருக்கு வீட்டுக்குள்ளேயே விசா இல்லாத மாதிரி ஒரு கலக்கம் வரும். அன்றைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ‘உய், உய்’ என்றாள், அது ‘ஓம், ஓம்’. ‘மொன் மரி’ என்றாள், அது இவர்தான். பிறகு ‘அபகாஷி’ என்றாள். சிரித்தாள். திரும்பவும் ‘அபகாஷி’.

“அதென்னப்பா அபகாஷி?”

“அங்கத்தே விசேசமாம். உங்களுக்கெண்டு தனியாச் சொல்லி வைச்சிருக்கிறன்.”

“சைவமோ?” என்று முகத்தைக் கோயில் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

“சுத்த சைவம்.”

சச்சிதானந்தன் உள்ளுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார். சுத்த சைவமாம்! இறைச்சிக் கடையில் தனியாகச் சொல்லிவைக்கிற விசேசம் என்றால் என்னவாக இருக்கும்? ஆட்டின் எந்தப் பாகமோ, அதைத்தான் விசாரிக்க வேண்டும். பெயரைப் பார், அபகாஷி. காசிக்குப் போன புண்ணியமும் சேரும் போலிருக்கிறது. அந்த இரண்டு நாளும் தொழிற்சாலையில் அவர் நொடிமுள்ளுக்குப் பதிலாக அபகாஷியைத்தான் பூட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை. ‘விரதம்’ என்றார். நெற்றி நிறைய விபூதி, இடுப்புப் பட்டியில் ஒரு ஓட்டை தளர்வு. கஜலக்சுமி கத்தரிப்பூக் கலர்ச் சேலை உடுத்துப் பூவும் வைத்திருந்தாள். கடைக்குள் போனதும் மேடைக்கு நேர் முன்னால் மேசை. மேளக்காரன்கள் ஏற்கெனவே வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்கள். பாட்டுக்காரி இடுப்பில் கைவைத்துப் பாட, சச்சிதானந்தனின் வயிறு பின்பாட்டுப் பாடியது.

தன் வட்டத்தைப் பச்சைக்குத் திருப்பி, மனைவி காண நடுவில் வைத்தார். “பாரும். பச்சை. சைவம்.”

“என்ர கிடந்தபடி கிடக்கட்டும். நான் முதல் பாட்டைக் கேக்கிறன்” என்றாள் அவள். அவளுடையது சிவப்பில் கிடந்தது.

மார்க்கோஸ் வந்தான். கையில் ஆளுயரக் கம்பி. அதில் மண்ணிறமாகப் பொரிந்து, கறுவாப்பட்டை மணக்க, ஏதோ ஒரு அருமை குத்தி நின்றது. அவன் வெட்ட வெட்ட, சாப்பிடுகிறவர் சின்ன இடுக்கியால் பிடித்துத் தட்டில் போடவேண்டும். எத்தனை வருசம் சாவணம் பிடித்த கை! முதல் துண்டை அந்தரத்திலேயே பிடித்தார். கண்ணை மூடினார். வாயில் போட்டார். மென்றார்.

கண் திறந்தது.

அன்னாசி.

“இதென்ன தம்பி?”

“அபகாஷி!” என்றான் மார்க்கோஸ் பெருமையாக.

சரி, முதலில் இனிப்புக் கொடுப்பது இவன்களின் வழக்கமாக்கும் என்று மனதைத் தேற்றினார். அடுத்த கம்பி வந்தது. ஆட்டுத்தொடை! கொழுப்பு உருகிச் சொட்டச் சொட்ட வந்தது. வந்த கம்பி சச்சிதானந்தனைக் கண்டதும் வெட்டித் திரும்பிப் பக்கத்து மேசைக்குப் போனது. பின்னாலேயே அவருக்கென்று ஒரு கம்பி ஓடி வந்தது. “அபகாஷி!” பக்கத்து மேசைக்குக் கோழி. இவருக்கு அபகாஷி. அவர்களுக்குச் சொசேஜ். இவருக்கு அபகாஷி. தட்டில் ஒரு அன்னாசித் தோட்டமே விளைந்துவிட்டது.

கஜலக்சுமி மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மார்க்கோஸின் ஏப்ரனைப் பிடித்து இழுத்தார். “தம்பி, இது வேண்டாம். இறைச்சி. ஃபிளைஷ்! விளங்குதோ?”

மார்க்கோஸ் ஒரு கண்ணைச் சிமிட்டினான். “வாயால் என்ன சொன்னாலும் கேட்கக்கூடாது. பச்சையை மட்டும் பார்க்க வேண்டும். நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.” இன்னும் இரண்டு துண்டு அபகாஷி விழுந்தது.

வேறு வழி? சச்சிதானந்தன் தன் வட்டத்தைச் சிவப்புக்குத் திருப்பினார். அன்னாசி நின்றது. அதோடு எல்லாமே நின்றது.

பாட்டும் அந்த நேரம் பார்த்துத்தான் முடிந்தது. பாட்டுக்காரி மேடையால் குதித்து இறங்கி நேரே இவர்களின் மேசைக்கு வந்தாள். கஜலக்சுமியைக் கட்டிப்பிடித்து, இந்த நாட்டு வழக்கப்படி கன்னத்தில் மாறி மாறி மூன்று கொஞ்சல். பிறகு சச்சிதானந்தனைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். எங்கேயோ பார்த்த பெருவிரல்.

“இவ சில்வானா. லாண்ட்ரியில என்னோட நிண்டு துணி மடிக்கிறவ” என்றாள் கஜலக்சுமி. “உங்கட முகம் இவவுக்கு என்ர போன் படத்தில பாடம். டொய்ச்சும் நல்லா விளங்கும். செவ்வாய்க்கிழமை நீங்கள் வெயிட்டரோட கதைச்ச முழுக்கதையும் அடுத்தநாள் காலமை தேத்தண்ணிக்கு முதலே வந்து சொல்லிப்போட்டா. பிரேசிலில அன்னாசிக்கு என்ன பேர் எண்டும் இவதான் சொல்லித் தந்தவ.”

சச்சிதானந்தனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்னாசிப் பாகாகவும் இருக்கலாம்.

கஜலக்சுமி ஆறுதலாகக் கைநீட்டித் தன் வட்டத்தைப் பச்சைக்குத் திருப்பினாள்.

“ஐயோ, அதைத் திருப்பாதையும்! பச்சையெண்டால்...” என்று பதறியவர் பாதியில் நிற்பாட்டினார்.

“பச்சையெண்டால் சைவமெல்லோ? நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

அந்தச் ‘சைவம்’ வந்தது. ஆட்டுத்தொடை. மார்க்கோஸ் சரக் சரக்கென்று வெட்ட, அவள் இடுக்கியால் பிடித்துப் பிடித்துத் தட்டில் அடுக்கினாள். சாவணம் பிடித்த கைகூட அவ்வளவு இலாவகமாகப் பிடித்திருக்காது.

“நேர்த்தி! பிள்ளையார்!” என்றார் அவர்.

“நேர்த்தி வடிவாத்தான் நடக்குது. ‘இவருக்கு மச்சம் இல்லை’ எண்டுதானே சொன்னனான். எனக்கெண்டு சொன்னனானோ?”

“அப்ப... இவ்வளவு நாளும் எனக்காக நீரும் வாயைக் கட்டினனீர் எண்டெல்லோ நான்...”

“மத்தியானத்தில வேலையிடத்துக் கண்டீனில கோழி குடுக்கிறவங்கள். பின்னேரம் உங்களோட இருந்து பாகற்காய் சாப்பிட்டது, தனிய இருந்து சாப்பிட்டால் உங்கட முகம் போற போக்கைப் பாக்கேலாமல்தான்.”

பரிதாபமும் கோபமும் பசியும் ஒன்றாக வந்தால் மனுசன் எதைத்தான் முதலில் படுவது? கஜலக்சுமி ஒரு துண்டை நன்றாக மென்று விழுங்கி, துடைத்த கையால் அவர் கையை அன்பாகத் தட்டினாள்.

“யோசியாதேங்கோ. டொக்டர் சொன்ன கொழுப்பு இன்னும் கொஞ்ச நாளில இறங்கும். நான் சொன்ன கொழுப்பு இண்டைக்கே இறங்கிப்போச்சு.”

மேளம் மறுபடி தொடங்கியது. சில்வானா கஜலக்சுமியின் பெயரைச் சொல்லி ஒரு பாட்டெடுத்தாள். கடை முழுக்கக் கைதட்டியது. அவள் ஒரு கையால் தாளம் போட்டு மறுகையால் சாப்பிட்டாள். சச்சிதானந்தன் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? மத்தியானமும் விரதம். ஒருவரும் காணாத மாதிரி, சுண்டுவிரலால் மெல்லத் தன் வட்டத்தைப் பச்சைக்குத் திருப்பினார்.

“அபகாஷி!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான் மார்க்கோஸ்.