பாகைமானிக்குள் ஓடிய மணிக்கூடு

வடமராட்சியில் ஒரு சாமான் பழுதாகிக் கிடந்ததென்றால், அது பாப்பம் அண்ணையின் கண்ணில் இன்னும் படவில்லை என்றுதான் அர்த்தம். குடை, றேடியோ, செருப்பு, ஒருமுறை கோயில் மணி, எதைக் காட்டினாலும் தலையைச் சரித்து, கீழ் உதட்டைப் பிதுக்கி, "பாப்பம்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குத் திருத்த வராது. ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாத மனிதர். எந்தச் சாமானை எந்த ஊரில் எவர் ஆகக் குறைந்த கூலிக்குத் திருத்துவார் என்பதுதான் அவர் கற்ற சாத்திரம். கரவெட்டியில் ஒரு சங்கக்கடையில் நிறுக்கிற வேலை. யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலம் என்பதால் நிறுக்கச் சாமான் இல்லை. ஆகவே ஊரவரின் சாமான்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரிந்தார். இதற்கென்று யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். முழுக்கூலி கொடுத்துத் திருத்துகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு நெஞ்சு நோகும்.

பலன் எப்போதும் சரியாக வரும் என்று சொல்லமாட்டேன். எங்கள் தலைமை ஆசிரியரின் குடையைச் சைக்கிள் கம்பி போட்டுத் திருத்துவித்தார். குடை விரிந்தது. பிறகு சுருங்கவேயில்லை. தலைமை ஆசிரியர் அதை வாசலுக்குள் கொண்டுபோக முடியாமல் மாமரத்தில் கொழுவி வைத்திருந்தார். பற்றரி கிடைக்காத நாட்களில் சைக்கிள் டைனமோவில் றேடியோ பூட்டி, தானே பெடல் மிதித்து ஊருக்குச் செய்தி போட்டார். அவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார்.

இந்த மனிதரிடம்தான் என் கலியாணம் போய் மாட்டிக்கொண்டது.

நான் அப்போது புதிதாக வேலைக்கு வந்த கணக்கு வாத்தியார். கலாவை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளைக் கோயிலில் ஒரே ஒருமுறைதான் கண்டேன். மிகவும் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன. சுவிஸில் இருந்த அவளுடைய அண்ணன் மாப்பிள்ளைக்கென்று தங்க விளிம்பு வைத்த மணிக்கூடு ஒன்று அனுப்பியிருந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தையே விற்றாலும் அப்படியொன்று வாங்கமுடியாது. கலாவின் அப்பா அதை என் கையில் கட்டிவிட்டு, "கவனம் தம்பி, என்ரை பெடியன் குளிருக்குள்ளை கோப்பை கழுவி அனுப்பினது" என்றார்.

அவர் சாமான்களை வைத்து ஆளை எடைபோடுகிறவர். முதல் பேசிய மாப்பிள்ளை இரவல் வாங்கிய சைக்கிளை மழையில் நனைய விட்டதற்காகவே அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்றவர் என்று தரகர் காதில் ஓதியிருந்தார். நானோ மணிக்கூட்டைக் கழற்ற மனமில்லாமல் அதோடு தண்ணீர் அள்ளப்போனேன். துலாக்கயிறு வழுக்கியது. கை கிணற்றுக்கட்டில் மோதியது. கண்ணாடி தூள்.

முள்ளுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைலேஞ்சித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மணிக்கூடு நின்றுவிட்டிருந்தது. பொன்னுருக்குக்கு இன்னும் இரண்டு கிழமை. தாலிக்குப் பொன் உருக்க எங்கள் வீட்டுக்குத்தான் பெண்வீட்டார் வருவார்கள். மாமா, அதுதான் கலாவின் அப்பா, முதலில் என் கையைத்தான் பார்ப்பார்.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இது கொழும்புக்குப் போகவேணும். அங்கையிருந்து சுவிஸுக்கும் போகவேண்டி வரும்." அவர் சொன்ன கூலியைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். கூலி கிடக்கட்டும், அந்த நாளில் கொழும்புக்குப் போன சாமான் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்.

கடைசியில் பாப்பம் அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தலையைச் சரித்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் சட்டையைக் காட்டி, "நல்ல சேட்டைக் கழட்டு" என்றார்.

"ஏன் அண்ணை?"

"உந்தச் சேட்டோடை போனால் கூலி கூடும். கிழிஞ்சதொண்டைப் போடு."

இருவரும் கிழிசலோடு நெல்லியடிக்குப் போனோம். மணிக்கூடு அண்ணையின் சட்டைப்பையில். நின்றுபோன மணிக்கூடு என்று சொல்லி அண்ணை நீட்ட, அங்கிருந்த திருத்துநர் அதை வாங்கிக் காதில் வைத்தார். எங்கள் கோலத்தையும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"எங்கை எடுத்தனீங்கள்?"

"கிணத்தடியிலை" என்றார் அண்ணை.

"ஓடுற மணிக்கூட்டைக் கொண்டுவந்து நிண்டுபோச்சு எண்டுறியள். சொந்தக்காரனுக்குத் தெரியாதோ ஓடுதோ நிக்குதோ எண்டு?"

உண்மைதான், மணிக்கூடு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரரும் எழும்பி வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நல்லவேளையாக அந்த வழியால் வந்த ஒருவர், "இது எங்கடை பெடியன்ரை கணக்கு மாஸ்டர் எல்லோ, என்ன மாஸ்டர் உந்தக் கோலம்?" என்று கேட்டார். நான் மானம் கெட்டு, ஆனால் முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தேன். மணிக்கூடு மேசையில் கிடந்து, அடுத்த நாள் மறுபடி நின்றது.

அண்ணை வந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். ஓடியது. என்னிடம் தந்தார். பெட்டியில் வைத்தேன். நின்றது.

"தம்பி, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதை. உதுக்கு உன்ரை வீடு பிடிக்கேல்லை."

எனக்கு அழுகை வரப்பார்த்தது. மணிக்கூட்டுக்கே பிடிக்காத வீட்டுக்குப் பெண் எப்படி வரப்போகிறாள் என்றுகூட யோசித்தேன்.

அடுத்ததாக அவர் என்னை உடுப்பிட்டியில் பல்லுக் கட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அண்ணை, இது பல்லுக் கட்டுற இடம்."

"வாய்க்குள்ளை சோறு கறி எல்லாத்துக்கும் பல்லுப் பிடிச்சு நிக்குதெல்லோ. மணிக்கூட்டிலை ஒரு கண்ணாடி பிடிச்சு நிக்காதோ? வா உள்ளுக்கு."

பல்லுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். "அராவி, வெட்டி, மினுக்கித் தரலாம். ஆனால் என்னட்டை இருக்கிறது முழுக்க பல்லு முளைக்கிற முரசு நிறப் பிளாஸ்ரிக். கண்ணாடி மாதிரி, ஊடாலை தெரியிறது கொண்டுவாங்கோ."

தடைக் காலத்தில் தெளிந்த பிளாஸ்ரிக்குக்கு எங்கே போவது. பாப்பம் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கணக்கு வாத்தியார் எல்லோ. கோணம் அளக்கிற உன்ரை பாகைமானியை எடு."

கொடுத்தேன். பல்லுக்காரர் அதை வட்டமாக வெட்டி, பற்பசை போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். இலக்கங்கள் மங்கின. ஆனால் நடுவிலிருந்த தொண்ணூறு மட்டும் அசையவில்லை, பன்னிரண்டுக்கு நேர் மேலே ஏறி இருந்துகொண்டது. பூட்டுவதற்காகப் பின்மூடியைக் கழற்றியபோது உள்ளே அரைவட்டமாய் ஒரு தகடு அங்குமிங்கும் ஆடியது. கை அசையும்போது அது ஆடி, தானாகவே சாவி கொடுத்துக்கொள்ளுகிற மணிக்கூடு அது. பற்றரியும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை. கையில் கட்டியிருக்கவேண்டும், அவ்வளவுதான். நானோ பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைத்து அதை நிறுத்தியிருக்கிறேன். பாப்பம் அண்ணைக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. வீடுதான் காரணம் என்று கடைசிவரை சொன்னார்.

அன்றிலிருந்து வகுப்பில் கையை வீசி வீசிப் பாடம் எடுத்தேன். வாத்தியாருக்குக் கலியாணப் பைத்தியம் என்று பிள்ளைகள் கதைத்தார்கள்.

பொன்னுருக்கு நாள் வந்தது. பந்தலுக்குள் நகை செய்யும் பத்தர் கரிநெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். பெண்வீட்டார் பாயில் இருந்தார்கள். நல்ல நேரம் தொடங்கப் போகிறது. மாமா தன் கையைப் பார்த்தார். அவருடைய மணிக்கூடு பற்றரி இல்லாமல் எப்போதோ செத்துவிட்டது, பழக்கத்தில் கட்டியிருந்தார். "தம்பி, நேரம் என்ன?" என்றபடி என் கையை இழுத்துத் தானே பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, பன்னிரண்டுக்கு மேலை தொண்ணூறு நிக்குது?"

பத்தர் ஊதுவதை நிறுத்தினார். கலா கைநழுவிப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்க முதல், பின்னாலிருந்து பாப்பம் அண்ணை முன்னுக்கு வந்தார்.

"ஐயா, பிழை என்னிலை. நான் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போய் உடைச்சுப்போட்டன். தம்பி பாவம், ஒண்டும் செய்யேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்றவர்களின் சாமானில் தன் கையால் ஒரு கீறல் விழவிடாதவர் என்ற பெயர்தான் அந்த மனிதரிடம் இருந்த ஒரே சொத்து. அதை ஊர்ப்பந்தலில் வைத்து, எனக்காகத் தூக்கி எறிகிறார்.

"இல்லை மாமா" என்றேன். "நான்தான் உடைச்சனான். இதைக் கழட்ட மனம் வரேல்லை, கட்டிக்கொண்டு தண்ணி அள்ளினன். துலாவிலை கை வழுக்கிப்போச்சு."

"அவன் சும்மா சொல்லுறான் ஐயா. நான்தான்."

"அண்ணை, பேசாமல் இருங்கோ. மாமா, நான்தான்."

"டேய், பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை வராதை. ஐயா, நான்."

மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். "ரண்டு பேர் உடைச்சும் ஓடுதெண்டால் என்ரை பெடியன் நல்ல சாமான்தான் அனுப்பியிருக்கிறான்" என்றார். பிறகு பத்தர் பக்கம் திரும்பி, "நேரம் சரி, உருக்கும்" என்றார்.

பொன் உருகியது. என் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லோருக்கும் பலகாரம் கொடுத்தார். பாப்பம் அண்ணை நான்கு பயற்றம் பணியாரம் எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல ஒரு மூலையில் போய் இருந்தார்.

கலியாணம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகுதான் கலா சொன்னாள். அன்று வீட்டுக்குப் போன மாமா சால்வையை மடித்தபடி அவளிடம் சொன்னாராம்: "பிள்ளை, மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. பக்கத்திலை நிண்டவருக்கும் தெரியாது, ஆனால் அவனுக்காகச் சொல்லிப் பார்த்தவர். உப்பிடி ஒருத்தர் கூட நிக்கிற வீட்டுக்கு நீ பயப்பிடாமல் போகலாம்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அதற்குப் பிறகு அது ஒரு குறையாகத் தெரிந்ததும் கிடையாது.