எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்கல

அடிபட்டதுக்கு எனக்கு எரிச்சல் இல்ல. பெக்கோ மெஷின் ரிப்பேர் பண்றவனுக்கு அடிபடாம இருந்தாத்தான் அதிசயம். ஆனா எனக்கு அடிபட்டது ரிப்பேர் பண்றப்ப இல்ல லா. ரிப்பேர் முடிஞ்சி, அடிபடக்கூடாதுன்னு பழம் வைக்கிறப்ப!

காஹாங்ல ஒரு செம்பனைத் தோட்டம். அங்க மண்ணு வெட்டுற பெக்கோவுக்கு, டயருக்குப் பதிலா ஓடுற இரும்புச் சங்கிலி கழண்டு கெடந்துச்சி. மாட்டி முடிச்சோம். அத ஓட்டுறவன் என் பொண்டாட்டியோட தம்பி சூசை. (காலையில பசியாறப் போனான்னா மத்தியானந்தான் வருவான், அது வேற கதை.)

பெக்கோ மொதலாளி, சீனத் தௌக்கே வந்தாரு. "லிமாவ் மானா?" எலுமிச்சம்பழம் எங்கேன்னு கேக்குறாரு. பழம் நசுக்காம மெஷின நகர விடமாட்டாரு. நாங்களோ மாதாகோயில் ஆளுங்க. சரி, வர்ற சனிக்கெழம மூவார்ல மக கல்யாணம், பீடம் வரைக்கும் அவ கையப் புடிச்சி நான்தான் நடத்திட்டுப் போகணும், எல்லாம் நல்லபடியா முடியட்டும்னு பழத்த வாங்கினேன்.

அங்கதான் என் புத்தி வேலை செஞ்சிச்சி. எந்தச் சாமியா இருந்தா என்ன, சாமி காரியத்த பூட்ஸோட செய்யலாமா? காலையிலேர்ந்து கால்ல கெடந்த இரும்பு முனை பூட்ஸ கழட்டி ஓரமா வச்சேன்!

வெறுங்காலோட குனிஞ்சி சங்கிலிக்கு முன்னால பழத்த வச்சேன்.

"மாமா, வச்சாச்சா?" பெக்கோ மேலேர்ந்து சூசை கேட்டான்.

"வச்சாச்சிடா!"

கால எடுத்தாச்சான்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல. பெக்கோவ நகத்திட்டான், சங்கிலி என் கால்மேல ஏறிடுச்சி.

"அலமாக்!"னு நான் கத்துனது பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்டிருக்கும். மழை பேஞ்ச களிமண்ணு, கால் உள்ள அமுங்கிடுச்சி. இல்லாட்டி பாதமே போயிருக்கும். கட்டைவெரலு எலும்பு ஒடஞ்சி, நகம் போச்சி. சூசை பதறிப்போயி பெக்கோவ பின்னால எடுத்தான். தௌக்கே ஓடிவந்து குனிஞ்சி பாத்தாரு. என் கால இல்ல, பழத்த. அது சேத்துக்குள்ள முழுசா கெடக்கு.

"ஐயோ, பழம் ஒடையல! இன்னொரு வாட்டி வை லா!"

சனிக்கெழம ஒரு கால்ல பளபளன்னு சப்பாத்து, இன்னொன்னுல பெரிய கட்டு. நான் எங்க மகள நடத்திட்டுப் போனேன்? அவதான் என்னை இழுத்துட்டுப் போனா. பாதி வழியில என் காதோரமா கேக்குறா, "ஏம்ப்பா, பூட்ஸோட வச்சா அந்தப் பழம் வேணாம்னா சொல்லப்போவுது?" வலியில கண்ணு தண்ணியா கொட்டுது. மகளப் பிரியிற துக்கம்னு சனமெல்லாம் சேந்து அழுதுச்சி.

அது நடந்து இருபத்தஞ்சி வருஷமாச்சி. போன மாசம் அவ மகன், என் பேரன், புதுசா காடி வாங்கினான், காருதான். டயருக்குப் பழம் வச்சிட்டு சூசை கத்துறான், "மாமா, கால் எங்க இருக்கு?"

நான் வீட்டுக்குள்ள நாற்காலியில உக்காந்திருக்கேன் லா!