ரஞ்சினிக்கு வறுத்த சரக்கு

இனிமேல் குசினி என் பொறுப்பு என்று ஒரு திங்கட்கிழமை காலை அறிவித்தேன். மனைவி ரஞ்சினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்காமல் கத்தியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவளுக்கு ஆறு வருடமாகத் தைரொயிட். விடிய வெறும் வயிற்றில் ஒரு குளிசை. லண்டனில் அது எனக்கு ஒரு கவலையாகவே படவில்லை. பிறகு அப்பாவைப் பார்க்கக் கொக்குவிலுக்குத் திரும்பினோம். மூன்றாம் மாதம் அப்பா ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார், பெட்டியில் வந்தார். அன்றோடு எனக்கு டொக்டரிலும் நம்பிக்கை இல்லை, குளிசையிலும் நம்பிக்கை இல்லை. ரஞ்சினியையும் அப்படிப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயம் மட்டும் மிஞ்சியது.

ஆகவே தைரொயிட்டுக்கு ஏற்ற சாப்பாடு பற்றிப் படித்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன. முட்டைக்கோவாவை விலக்கினேன். மரவள்ளிக்குத் தடை. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறியை நாள்தோறும் வைத்தேன். பக்கத்து வீட்டு யோசப்பின் அக்காவுக்கு மதில் தாண்டி மணம் போயிருக்கிறது. ஆர் பிள்ளை பெத்தது என்று கேட்டார்.

"நான்தான் அக்கா. ஆம்பிளைப் பிள்ளை," என்றாள் ரஞ்சினி. "நாப்பத்தொன்பது வயசு. நாள் முழுக்க நித்திரை."

பொய்யில்லை. அடுப்பை அணைத்தால் கதிரை, கதிரையில் நித்திரை. அப்பா போனதிலிருந்து குரல் கம்மியிருந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை. காற்சட்டை இடுப்புக்கு ஏற மறுத்தது. துக்கம் என்றிருந்தேன். துக்கத்துக்கு இவ்வளவு நிறை என்று முன்பு தெரியாது.

இரண்டு மாதம் கழிய, "இனிக் குளிசையை விடும்," என்றேன்.

"டொக்டரைக் கேட்டுப்போட்டு விடுவம்."

"டொக்டர் வாசலை நான் மிதிக்கமாட்டன்."

"அப்ப நானும் விடமாட்டன். வந்து உங்கடை சரக்கின்ரை மகிமையைச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லத் தெரியாது."

போனேன், தூள் போத்தலோடு. சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒப்புவித்துக்கொண்டிருக்க, தாதி வந்து என் பெயரைக் கூப்பிட்டாள்: "ஐசாக் செபரத்தினம்."

"பேரை மாத்திக் கூப்பிடுது பிள்ளை," என்றேன்.

"இல்லை. நான்தான் பதிஞ்சனான்," என்றாள் ரஞ்சினி.

குளிருதா, களைப்பா, நிறை கூடினதா என்று டொக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள் பக்கத்தில் இருந்தவள். இரத்தம் எடுத்தார்கள்.

அடுத்த கிழமை முடிவு கேட்க, அதே போத்தலோடு திரும்பப் போனோம். என் தைரொயிட் என்னைவிட நல்ல நித்திரையில் இருந்தது.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று ரஞ்சினியைக் கேட்டேன்.

"எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் கேக்கிற நிலையிலையே இருந்தியள்?" அவள் கைக்குட்டையைத் தேடினாள். "அந்த வீட்டுக்கு ஒரு பெட்டி வந்ததே போதும்."

எனக்கு ஒன்றுதான் அறியவேண்டியிருந்தது. இவ்வளவு நாளும் நான் பட்ட துக்கத்தில் எவ்வளவு அப்பாவுக்கு, எவ்வளவு சுரப்பிக்கு? டொக்டரைக் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"குளிசையைப் போட்டுப் பாருங்கோ. பிறகும் மிஞ்சிறது அப்பாவுக்கு."

பிறகு, மிச்சமிருந்த மானத்தோடு தூள் போத்தலை மேசையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"ஆட்டிறைச்சிக்கு நல்லாயிருக்கும்," என்றார்.