உடைஞ்ச ஷீல்டும் அஞ்சு இங்கிலீஷ் வார்த்தையும்

நான் பயந்தாங்கொள்ளி இல்லீங்க. இந்த உலகத்துல எனக்கு ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் பயம். அந்த ஆளு சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ல வந்து எறங்கும்.

இப்ப மணி அஞ்சரை. என் காலடியில ஒரு கண்ணாடி ஷீல்டு சில்லு சில்லாக் கெடக்குது.

ஷீல்டு என் சம்சாரம் கமலாம்பாளோடது. எக்ஸ்போர்ட் கம்பெனியில ஊசிக் கவுண்டர் அவ பொறுப்புங்க. தையல் மிஷின்ல ஊசி உடைஞ்சா, உடைஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கிட்டு வந்து அவகிட்டக் குடுக்கணும். அவ பேப்பர்ல வெச்சு ஒட்டி, முழு ஊசியாச் சேருதான்னு பார்ப்பா. எள்ளு அளவு கொறைஞ்சாலும் புது ஊசி கெடையாது. அந்தத் துண்டு எங்கியாவது கொழந்தை சட்டைக்குள்ள போயிருந்தா? அதனால தெச்ச பீஸ் பூராவையும் டிடெக்டர் மிஷின்ல விட்டுத் தேடுவாங்க. ஏழு வருசமா ஒரு துண்டு விடலைன்னு கமலாவுக்குக் குடுத்த ஷீல்டு இது. டிவி மேல நிக்கும். ஷீல்டு வெக்கத்தான் டிவியே வாங்குனமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதை உடைச்சது இங்கிலீஷ்.

நான் ஒரு பனியன் கம்பெனியில பேக்கிங் சூப்பர்வைசருங்க. வெள்ளைக்காரனுக்கு மெயில் போடற மெர்ச்சன்டைசரா ஆகியே தீர்றதுன்னு சபதம் போட்டேன். ஞாயித்துக்கெழமையானா தண்டாயுதபாணி சார்கிட்ட ஸ்போக்கன் இங்கிலீஷ். ஊட்டுல வந்து சார் மாதிரியே பேசிப் பார்ப்பேன். போன மாசம் அப்பிடிப் பேசறப்ப கை பட்டு மிக்ஸி ஜாரு போச்சு. கமலா அன்னைக்கே சொல்லிட்டா.

"ஏனுங்க, இன்னொரு பொருள் உடைஞ்சுதுன்னா இங்கிலீஷ் கிளாஸு கட். ஞாயித்துக்கெழமை மங்கலத்துக்குப் போயி எங்கண்ணன் தறியில நின்னுக்குங்க."

அவ அண்ணன் கிட்டுசாமிக்குப் பதினாறு தறி. பதினாறும் ஓடறப்ப அவரு பேசறது ஒண்ணும் கேக்காது. ஆனா பேசிட்டே இருப்பாரு. நாம தலைய ஆட்டிட்டே இருக்கோணும். ஒருக்கா தப்பான எடத்துல ஆட்டி, அவரு எருமைக்கு ரெண்டு மாசம் தீவனம் போட்டேனுங்க.

இன்னைக்கு சனிக்கெழமை. கண்ணாடி முன்னாடி நின்னு சாரு மாதிரியே பேச ஆரம்பிச்சேன். அதே மூக்குக் கொரலு.

"மிஸ்டேக் வேற! எரர் வேற! ஃபால்ட் வேற! ஆக்சிடென்ட் வேற! எல்லாத்தையும் தப்பு, தப்புன்னு ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்கய்யா! அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, பிளண்டர்!"

பிளண்டருக்குச் சாரு கைய ஓங்கி வீசுவாரு. நானும் வீசுனேன். சாரு ஊட்டுல டிவி மேல ஷீல்டு இல்லை போல.

இருக்கற அஞ்சுல எந்த வார்த்தைய எடுத்தா நான் பொழைக்கலாம்? ஃபால்ட்டுன்னா குத்தம் எம்மேல. பிளண்டருன்னா முட்டாத்தனமும் சேர்ந்து எம்மேல. மிஸ்டேக்குன்னா தெரியாமப் பண்ணிட்டேன்னு ஆகும். ஆனாப் பண்ணுனது நான்தானே? எரருன்னா கணக்குலயோ கம்ப்யூட்டர்லயோ வர்றது. எங்க ஊட்டுல கம்ப்யூட்டரே இல்லை. ஆக்சிடென்ட்! அதுதான். யாரு மேலயும் பழியில்லை. தானா நடந்தது.

தானா நடக்க ஒரு ஆளு வேணுமே? எதுத்த ஊட்டு ரஹ்மத்துன்னிசா அக்காவோட பூனை ஞாபகம் வந்துச்சு.

ஜன்னலைத் தொறந்து வெச்சேன். ஜன்னக்கட்டையில ரெண்டு சொட்டுப் பாலு ஊத்துனேன். சாட்சிக்கு. சில்லையெல்லாம் டிவிக்குக் கீழ பூனை தள்ளுன மாதிரியே பரப்புனேன். திரும்புனேன் பாருங்க, குதிகால்ல நறுக்குன்னு ஒண்ணு ஏறிருச்சு. எடுக்கலாம்னு குனியறேன், தெருமுனையில பஸ்ஸு ஹாரன். அப்பிடியே சாக்ஸை மாட்டிக்கிட்டு நிமிந்து நின்னேன்.

கமலா வந்தா. பார்த்தா. கத்தலை.

கத்தியிருந்தா நான் தைரியமா இருந்திருப்பேனுங்க. அவ பையை வெச்சுட்டு, வெள்ளைப் பேப்பரும் டேப்பும் எடுத்துட்டு வந்து உக்காந்தா. பேப்பர்ல ஸ்கேல் வெச்சுக் கட்டம் போட்டா.

"தேதி போட்டாச்சு. எடம், டிவி மேல. ஆப்பரேட்டர் பேரு?"

"பூனைங்க," பயத்துல நானே ங்க போட்டுட்டேன். "ரஹ்மத்துன்னிசா அக்கா ஊட்டுப் பூனை. ஆக்சிடென்ட் அம்மிணி. ஆக்சிடென்ட்னா என்னன்னா..."

"சரீங்க. பூனைன்னே எழுதிக்கறேன். கையெழுத்து?"

"பூனை எப்பிடி அம்மிணி கையெழுத்துப் போடும்?"

"ஆப்பரேட்டர் கையெழுத்து இல்லாம எங்க கம்பெனியில ரிப்போர்ட்டு முடியாதுங்க. அப்பறமா அதைக் கூட்டியாங்க."

ஒவ்வொரு சில்லா வெச்சு ஒட்டுனா. ஷீல்டு பேப்பர்ல படுத்த மாதிரி வந்துச்சு. மூலையில மட்டும் சுண்டுவெரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தல்.

"ஒரு துண்டு இல்லீங்க."

"தம்மாத்தூண்டு அம்மிணி. உட்டுரு."

"உடறதா? பாவம், அந்தப் பூனை மிதிச்சுதுன்னா? துண்டு கெடைக்கற வரைக்கும் சமையக்கட்டு ஹோல்டு, அடுப்பு பத்தாது. ஊட்டுல இருக்கற பீஸையெல்லாம் டிடெக்டர்ல உட்டுப் பார்க்கோணும்."

"இங்க ஏது டிடெக்டரு?"

"நாந்தானுங்க. நடங்க."

"நானா?"

"பின்ன, பீரோவா நடக்கும்?"

ஹால்ல இருந்து சமையக்கட்டுக்கு எட்டு அடி. மூணு அடி நுனிக்கால்லயே போயிட்டேன். நாலாவதுல குதிகால் ஊனிருச்சு. 'ஆ'ன்னு வந்ததை அப்பிடியே 'ஆமாங்க'ன்னு மாத்துனேன்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்களே?"

"சும்மா... ஒரு மரியாதைக்கு."

"இன்னொருக்கா நடங்க."

நடந்தேன். கால் இழுத்துச்சு.

"கீஈஈங்!"ன்னா கமலா. அச்சு அசல் டிடெக்டர் கொரலு. இருவது வருசம் கூடக் குடித்தனம் பண்ணி அவளுக்கும் மிமிக்ரி ஒட்டிக்கிச்சு.

சாக்ஸைக் கழட்டுனா. தாலிக்கொடியில இருந்த ஊக்கை எடுத்தா. நான் எட்டூருக்குக் கேக்கக் கத்துனேன். துண்டு வந்துச்சு. தொடைச்சு மூலையில வெச்சு ஒட்டுனா. கச்சிதமாச் சேந்துச்சு. அவ மொகத்துல அப்பத்தான் ஒரு நிம்மதி.

"பூனைங்கற பேரை அடிச்சுட்டு, ஆப்பரேட்டருன்னு உங்க பேரைப் போட்டுக்கறேன். இங்க காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்க. என்ன எழுதட்டும்?"

அட, பொழைக்க ஒரு சந்து! உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு அஞ்சு வார்த்தையும் வெளக்குனேன். மிஸ்டேக்குக்கும் ஃபால்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், எரர் எங்க வரும், பிளண்டர் எங்க வரவே கூடாது. கமலா கன்னத்துல கை வெச்சு முழுசாக் கேட்டா. என் இங்கிலீஷை ஒருத்தர் முழுசாக் கேட்டது அன்னைக்குத்தானுங்க.

"அஞ்சுல எதுங்க ரொம்ப லேசு?"

"ஆக்சிடென்ட் அம்மிணி! அதையே போட்டுரு. கிளாஸும் தப்பிச்சுரும்."

தலைய ஆட்டுனா. எழுதுனா. எட்டிப் பார்த்தேன்.

'காரணம்: புருசன்.'

"அம்மிணி... அப்ப நாளைக்குக் கிளாஸு?"

"அண்ணன்கிட்டப் போன்ல சொல்லிட்டேனுங்க. காலையில ஏழு மணிக்கு மங்கலத்துல இருக்கோணும்."

"நீ இப்பத்தானே வந்தே? எப்பச் சொன்னே?"

"பஸ்ல வாரப்பவே. நீங்க ஜன்னலைத் தொறந்து பாலு ஊத்தி, ஷீல்டு சில்லைப் பரப்புனதை ரஹ்மத்துன்னிசா அக்கா அவங்க ஊட்டுல இருந்து பார்த்துட்டு, ஒடனே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. பூனை அப்ப அவங்க மடியிலதான் தூங்கிட்டு இருந்துச்சாமா."

"எல்லாம் தெரிஞ்சுமா என்னை இத்தனை நேரம் நடக்க உட்டே?"

"துண்டு வேணுமில்லீங்க?"

பேப்பரையும் பேனாவையும் எம்பக்கம் தள்ளுனா.

"கையெழுத்தைப் போடுங்க. அதை வேணா இங்கிலீஷ்லயே போட்டுக்குங்க."